பழைய பித்தளை ஸ்பிரிட் பர்னர்: எதனுடையது, எந்தக் காலத்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணிலோ, பழைய பாத்திரக் கடையிலோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலோ கையடக்கமான பித்தளைக் குப்பி ஒன்று கிடைக்கிறது. நடுவில் குழல், அதற்கொரு மூடி, சில சமயம் ஒரு கைப்பிடி. விளக்கு என்றால் வெளிச்சத்துக்கான அமைப்பு எதுவும் இல்லை. அடுப்பு என்றால் பாத்திரம் வைக்க இடமில்லை. இப்படிப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய 1850 முதல் 1940 வரை செய்யப்பட்ட ஸ்பிரிட் பர்னர்கள், அதாவது எரிசாராயத்தில் எரிபவை. நம் பள்ளி ஆய்வகச் சாராய விளக்கின் உறவினர்கள்.

இவற்றில் மிகச் சிலவே தனிப்பொருள்கள். மற்றவையெல்லாம் வேறொரு பொருளிலிருந்து பிரிந்துவந்த உறுப்புகள். கெட்டில் உடைந்தது, தாங்கி தொலைந்தது, பர்னர் மட்டும் தங்கியது. ஆகவே “இது என்ன?” என்று கேட்பதைவிட “இது எதன் அடியில் இருந்தது?” என்று கேட்பவருக்கு விடை விரைவாகக் கிடைக்கும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

இது ஸ்பிரிட்டில் எரிந்ததா, மண்ணெண்ணெயில் எரிந்ததா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மூடியைத் தேடுங்கள். ஸ்பிரிட்டின் முக்கியப் பொருளான எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். திறந்து வைத்தால் அறை வெப்பத்திலேயே திரி வழியாக ஆவியாகிப் போய்விடும். அதனால் ஸ்பிரிட் பர்னருக்கு இறுக்கமான மூடி கட்டாயம். சுடரை அணைப்பதும் அந்த மூடிதான். மண்ணெண்ணெய் கொதிக்க 150 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பதால் அதற்கு மூடியின் அவசியம் இல்லை. மூடி தொலைந்திருந்தால் குழலைச் சுற்றி மரையோ, மூடி உட்காரும் வழவழப்பான வளையமோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

அடுத்தது திரி. மண்ணெண்ணெய் பர்னரில் பெரும்பாலும் தட்டைத் திரி இருக்கும். அதை ஏற்றி இறக்கப் பக்கவாட்டில் பற்சக்கரத் திருகு, காற்று புகச் சல்லடைத் துளைகள், சிம்னியைப் பிடிக்கும் விரல்கள் எல்லாம் இருக்கும். போதிய காற்று இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் புகை கக்கும் என்பதுதான் இத்தனை ஏற்பாட்டுக்கும் காரணம். ஸ்பிரிட் புகையின்றி வெளிர்நீலமாக எரிவதால் வெறும் குழலும் உருண்டைத் திரியுமே போதும். ஆனால் திருகு ஒன்றை மட்டும் கண்டு மண்ணெண்ணெய் என்று முடிவு கட்ட வேண்டாம். விலை உயர்ந்த ஸ்பிரிட் பர்னர்களிலும் சுடரைக் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்திருக்கிறார்கள். சிம்னிக்கான இடம் இருக்கிறதா என்பதே கூடுதல் நம்பகமான சோதனை.

உருண்டையான, தட்டையான டப்பா. நடுவில் ஒரு குழல், பக்கத்தில் எரிபொருள் ஊற்றும் சிறு மூடி. இது எதனுடையது?

பெரும்பாலும் தேநீர்க் கெட்டிலினுடையது. விக்டோரியா காலத்து ஆங்கிலேய வீடுகளில், சமையலறையில் கொதித்த நீரை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து, மேசை மேலேயே சூடு ஆறாமல் வைத்திருக்க ஒரு தாங்கியில் கெட்டிலைத் தொங்கவிட்டார்கள். அதன் அடியில் இந்தப் பர்னர். நீரைக் கொதிக்கவைப்பதைவிடக் கொதித்த நீரைக் காப்பதுதான் இதன் வேலை; அதனால்தான் சுடர் சிறியது, டப்பா தட்டையானது. அடியில் மூன்று சிறு கொக்கிகளோ, விளிம்பில் ஒரு பள்ளமோ இருந்தால் தாங்கியின் வளையத்தில் பொருந்துவதற்கான ஏற்பாடு அது. வளையத்தின் விட்டம் தெரிந்துவிட்டால் தாங்கியின் அளவும் ஓரளவு தெரிந்துவிடும்.

பிரிட்டனில் இந்தப் பழக்கம் பரவியதற்கு வரிச் சட்டமும் ஒரு காரணம். குடிக்கும் சாராயத்துக்கு அங்கே கடும் தீர்வை. 1855இல், மர நாஃப்தா என்ற, மரத்திலிருந்து வடித்த நச்சுத் திரவம் கலந்து குடிக்க முடியாததாக ஆக்கப்பட்ட மெதிலேட்டட் ஸ்பிரிட்டுக்குத் தீர்வை விலக்கு அளித்தார்கள். எரிபொருள் மலிவாயிற்று. அதற்குப் பிறகுதான் சாதாரண நடுத்தர வீட்டு மேசையிலும் பித்தளைக் கெட்டிலும் ஸ்பிரிட் விளக்கும் ஏறின. ஆகவே மலிவான, பட்டறை வேலைத் தரத்தில் உள்ள ஆங்கிலேயக் கெட்டில் பர்னர் ஒன்றை அதற்கு முந்தையது என்று யாராவது விற்க வந்தால் ஆதாரம் கேளுங்கள்.

மேல்பகுதி முழுவதும் கம்பி வலை. உள்ளே வெள்ளை நார் போல ஏதோ அடைத்திருக்கிறது. பக்கத்தில் சுடரைக் குறைக்கும் கைப்பிடி. இது என்ன?

கையை எடுத்துவிடுங்கள், அந்த நார் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதைப் பிறகு பார்ப்போம்.

பொருளைப் பொறுத்தவரை, இது அமெரிக்கச் சேஃபிங் டிஷ் எனப்படும் மேசைச் சமையல் பாத்திரத்தின் பர்னர். 1890கள் முதல் முதல் உலகப் போர் வரை அங்கே இது ஒரு மோகமாகவே இருந்தது. விருந்தினர் முன்னிலையில் மேசை மேலேயே சீஸ் உருக்குவதும், சிப்பிகளைப் பால் குழம்பில் வேகவைப்பதும் நாகரிகம். கனெக்டிகட் மாநிலத்து மெரிடனில் இருந்த மானிங் பௌமன் நிறுவனம் தன் பர்னருக்கு ‘ஆல்கோலைட்’ என்று பெயர் பொறித்தது. நியூயார்க்கின் ஸ்டெர்னோ நிறுவனம் என்று இன்று பலர் சொல்வது ஸ்டெர்னாவ் நிறுவனத்தை; டப்பாவில் அடைத்த கெட்டி எரிபொருளுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ஸ்டெர்னோ. லேண்டர்ஸ், ஃப்ரேரி அண்ட் கிளார்க் நிறுவனத்தின் பொருள்களில் ‘யுனிவர்சல்’ என்ற பெயர் இருக்கும்.

இங்கேயும் காலத்தைச் சொல்வது வரிதான். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் சாராயத்துக்கு விதித்த வரி, எரிபொருளாகப் பயன்பட்ட சாராயத்தையும் விட்டுவைக்கவில்லை. 1906இல் இயற்றிய சட்டம் 1907 ஜனவரி 1 முதல் குடிக்க முடியாதபடி கலப்படம் செய்த சாராயத்துக்கு வரிவிலக்கு அளித்தது. உடனே ஸ்பிரிட் அடுப்பு, ஸ்பிரிட் இஸ்திரிப் பெட்டி, ஸ்பிரிட் விளக்கு என்று விளம்பரங்கள் குவிந்தன. ஆகவே இன்று கிடைக்கும் அமெரிக்கப் பர்னர்களில் கணிசமானவை 1907ஐ ஒட்டிய காலத்தவை என்று கொள்வதில் தவறில்லை. மின்சார அடுப்பு வந்ததும் இவை பரணுக்குப் போயின.

திரியே இல்லை. நடுவில் அகலமான குழி, விளிம்பைச் சுற்றி வரிசையாகச் சிறு துளைகள்.

இது ஆவி பர்னர். இரட்டைச் சுவர் கொண்டது. இரண்டு சுவர்களுக்கும் நடுவில் பஞ்சு இருக்கும். நடுக்குழியில் ஊற்றிய ஸ்பிரிட்டைப் பற்றவைத்தால் சுவர் சூடாகி, உள்ளிருக்கும் ஸ்பிரிட் ஆவியாகித் துளைகள் வழியாக வெளிவந்து எரியும். பற்றவைத்துச் சற்று நேரம் கழித்தே துளைகளில் சுடர் பூக்கும்.

இவ்வகையில் பெயர் பெற்றது ஸ்வீடனின் டிராங்கியா. டிராங்ஸ்விகன் என்ற ஊரில் 1925இல் தொடங்கிய பாத்திர நிறுவனம். ஊர்ப்பெயர்தான் நிறுவனப் பெயரானது. காற்றுத் தடுப்புடன் கூடிய அவர்களது மலையேற்ற அடுப்பு 1951இல் வந்தது. அதே அமைப்பிலான பர்னரை இன்றும் செய்கிறார்கள். மூடியில் ரப்பர் வளையம் இருந்து, பித்தளை மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தால் உங்கள் கையில் உள்ளது பழம்பொருளே அல்லாமல் இருக்கலாம். மூன்று கிரீட முத்திரை இருந்தால் ஸ்வீடன் ராணுவத்துக்கு வழங்கிய சாப்பாட்டுப் பாத்திரத் தொகுப்பிலிருந்து வந்தது.

மூடி கீல் போட்டிருக்கிறது. திறந்து வைத்தால் தானே படக்கென்று மூடிக்கொள்கிறது. கோளாறா?

கோளாறு இல்லை, அதுதான் அடையாளமே. இது தராசு சைஃபன் எனப்படும் காபி இயந்திரத்தின் பர்னர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸிலும் வியன்னாவிலும் செழித்த பொருள் அது. ஒரு பக்கம் உலோகக் குடுவை, மறுபக்கம் கண்ணாடிக் கோப்பை, இடையே வளைந்த குழாய். குடுவையில் நீர் நிறைந்திருக்கும்போது அதன் எடை பர்னரின் மூடியைத் திறந்தபடி தாங்கி வைத்திருக்கும். நீர் கொதித்து ஆவியழுத்தத்தால் கண்ணாடிப் பக்கம் போனதும் குடுவை எடை குறைந்து மேலெழும். தாங்கல் விலகிய மூடி விழுந்து சுடரை அணைக்கும். குடுவை ஆற, உள்ளே வெற்றிடம் உண்டாகி, காபி வடிகட்டி வழியாகத் திரும்பி இழுக்கப்படும். கண்ணெதிரே ஆள் தொடாமல் நடக்கும் இந்த வித்தைக்காகவே வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். காபிக்காக இத்தனை பாடு யார் படுவார்!

இப்படி ஒரு பர்னர் தனியாகக் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். பர்னர் தொலைந்த சைஃபன் வைத்திருப்பவர்கள் இதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நீள்சதுரப் பெட்டி, மேலே இரண்டு மூன்று குழல்கள் வரிசையாக.

இரண்டு வழிகள் உண்டு. சிறியதாக, உள்ளங்கை நீளத்துக்குள் இருந்தால் பொம்மை நீராவி எந்திரத்தின் பர்னர். ஜெர்மனியின் மெர்க்லின், பிங், அமெரிக்காவின் வீடன், இங்கிலாந்தில் 1937இல் தொடங்கிய மாமோட் ஆகியவை இப்படிச் செய்தன. கொதிகலன் நீளவாக்கில் இருந்ததால் சுடரும் நீளவாக்கில் வேண்டியிருந்தது. பல சமயம் இவை பித்தளை அல்ல, தகரம். காந்தம் வைத்தால் தெரிந்துவிடும்.

பெரியதாக, நிக்கல் பூச்சுடன் இருந்தால் மருத்துவர்களின் கருவிகளைக் கொதிநீரில் போடும் பெட்டிக்கு அடியில் இருந்தது. சுருள்முடி இடுக்கியைச் சூடாக்கும் பர்னரும் நீளமாகவே இருக்கும். ஆனால் அதற்கு இடுக்கியைத் தாங்கும் இரண்டு கம்பிக் கவைகள் இரு முனைகளிலும் எழும்பி நிற்கும்.

பித்தளைத் தொட்டி, பம்ப், மூன்று கால்கள். நடுவில் ஒரு சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றுவார்கள் என்கிறார் தாத்தா. இதுவும் ஸ்பிரிட் பர்னர்தானே?

தாத்தா சொல்வது சரி, முடிவு சரியில்லை. அது பம்ப் ஸ்டவ்; எரிவது மண்ணெண்ணெய். கிண்ணத்தில் ஊற்றும் ஸ்பிரிட் தலைப்பகுதியைச் சூடாக்கத்தான். சூடான குழாயில் மண்ணெண்ணெய் ஆவியாகி, ஊசித்துளை வழியாகச் சீறி வந்து நீலமாக எரியும். துளை அடைத்தால் ‘ஸ்டவ் பின்’ ஊசியால் குத்துவார்களே, அதே ஸ்டவ். 1892இல் ஸ்டாக்ஹோமில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய ப்ரைமஸ்தான் இவற்றுக்கெல்லாம் மூதாதை. பெட்ரோமாக்ஸ் விளக்கின் ஸ்பிரிட் கிண்ணமும் இதே வேலைக்குத்தான்.

பம்ப் இருந்தால் ஸ்பிரிட் பர்னர் அல்ல என்று ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

தொட்டிக்கு மேலே வளைந்த மெல்லிய குழாய், அதன் முனை சுடரை நோக்கி நிற்கிறது. பம்ப் இல்லை.

தானே ஊதும் விளக்கு. நம் பொற்கொல்லர் ஊதுகுழலை வாயில் வைத்து ஊதிச் சுடரைக் கூர்மையாக்குவார். இங்கே அந்த மூச்சையும் ஸ்பிரிட்டே தருகிறது: மேல்தொட்டியில் உள்ள ஸ்பிரிட் அடிச்சுடரில் கொதித்து, ஆவி குழாய் வழியாகப் பாய்ந்து, அதே சுடரைத் துளைத்து நீட்டும். நகைப்பட்டறை, பல் மருத்துவர் மேசை, எரிவாயு வசதி இல்லாத ஆய்வகம் ஆகிய இடங்களில் புழங்கியது. டிரெஸ்டனின் குஸ்தாவ் பார்தெல் நிறுவனத்தின் ஸ்பிரிட் பர்னர்கள் ஆய்வகங்களில் பெயர் பெற்றவை. இவ்வகையில் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத ஒன்றை எக்காரணம் கொண்டும் பற்றவைக்க வேண்டாம்.

அடியில் ஏதோ எழுத்துகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஆண்டைச் சொல்ல முடியுமா?

சரியான ஆண்டைச் சொல்ல முடியாவிட்டாலும், எதற்கு முந்தையதாக இருக்க முடியாது என்று சொல்லலாம். அதுவே பெரிய உதவி.

‘டி.ஆர்.பி.’ என்பது ஜெர்மன் பேரரசின் காப்புரிமை; 1877க்குப் பிந்தியது. ‘டி.ஆர்.ஜி.எம்.’ என்பது அவர்களுடைய சிறு கண்டுபிடிப்புகளுக்கான பதிவு, 1891க்குப் பிந்தியது. இரண்டும் இரண்டாம் உலகப் போரோடு வழக்கொழிந்தன. ஜெர்மன் எழுத்து இருந்தால் வியப்படைய வேண்டாம். உருளைக்கிழங்கில் வடித்த சாராயத்துக்குச் சந்தை தேடி, ஸ்பிரிட் விளக்கையும் அடுப்பையும் அங்கே பெரும் பிரசாரமாகவே பரப்பினார்கள்.

‘எஸ்.ஜி.டி.ஜி.’ என்ற நான்கெழுத்து பிரெஞ்சுக் காப்புரிமைக் குறி. காப்புரிமை தந்தோம், பொருள் வேலை செய்யும் என்பதற்கு அரசு பொறுப்பல்ல என்பது அதன் பொருள். 1844 முதல் 1968 வரை வழக்கில் இருந்ததால் காலத்தைக் கணிக்க இது பெரிதாக உதவாது.

ஆங்கிலேயப் பொருளில் வைர வடிவ முத்திரை இருந்தால் 1842க்கும் 1883க்கும் இடைப்பட்ட பதிவு. 1884 முதல் ‘ஆர்.டி.’ என்ற எழுத்துகளோடு வரிசை எண் கொடுத்தார்கள். அது 1-இல் தொடங்கி, 1900இல் மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. எண்ணைக் கொண்டு ஆண்டை ஓரளவு நெருங்கிவிடலாம். ஆனால் அது வடிவத்தைப் பதிவு செய்த ஆண்டு, உங்கள் பொருளைச் செய்த ஆண்டு அல்ல. அமெரிக்கக் காப்புரிமை எண் ஏழு இலக்கமாக இருந்தால் 1911க்குப் பிந்தியது. பத்து லட்சமாவது காப்புரிமை அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வழங்கப்பட்டது.

நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் ஏற்றுமதிப் பொருள். 1887இல் பிரிட்டனும் 1890இல் அமெரிக்காவும் இறக்குமதிப் பொருள்களில் நாட்டுப் பெயரை வலியுறுத்திச் சட்டம் கொண்டுவந்தன.

எழுத்து தேய்ந்திருந்தால் தேய்த்துத் துலக்காதீர்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள், அல்லது இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அடிப்பாகம் மட்டுமல்ல, ஊற்றும் மூடியின் தலை, திரிக்குழலின் வளையம், கைப்பிடியின் உட்புறம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

எந்த எழுத்தும் இல்லை. மதிப்பில்லாததா?

பெயர் பொறிக்காதவை ஏராளம். கெட்டிலில் பெயர் இருந்தால் பர்னரில் எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

உண்மையான பழம்பொருளா, புதிதாகச் செய்த போலியா?

உத்தரப்பிரதேசத்து மொராதாபாத் போன்ற ஊர்களில் ‘பழங்கால’ பித்தளைப் பொருள்கள் இன்றும் செய்யப்பட்டு உலகெங்கும் போகின்றன. அலங்காரத்துக்காக வாங்குவதில் குற்றமில்லை. பழையது என்று நம்பி வாங்குவதில்தான் நட்டம்.

பார்க்க வேண்டியது தேய்மானம் எங்கே இருக்கிறது என்பது. மூடியைப் பல்லாண்டு திருகியிருந்தால் மரையின் முனைகள் மழுங்கியிருக்கும். விரல் படும் இடத்தில் நிக்கல் பூச்சு போய்ப் பித்தளை தெரியும். விரல் படாத இடுக்கில் பூச்சு அப்படியே இருக்கும். போலியில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும், அமிலத்தில் முக்கி எடுத்ததுபோல. பல சமயம் முக்கித்தான் எடுத்திருப்பார்கள். கூட்டல் குறி போன்ற தலைவெட்டு உள்ள திருகாணி கண்ணில் பட்டால் 1930களுக்கு முந்தையது என்ற பேச்சுக்கே இடமில்லை. அப்புறம், கப்பலின் பெயரும் ஆண்டும் கொட்டை எழுத்தில் பொறித்த ‘கப்பல் பர்னர்’ என்றால் நான் விலையே கேட்க மாட்டேன்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

பூஜைப் பாத்திரத்துக்குப் புளி சரி. இதற்கு வேண்டாம். அமிலம் பழைய மேற்பூச்சையும் மங்கிய எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். வெதுவெதுப்பான நீர், சிறிது சோப்பு, மென்மையான துணி போதும். நிக்கல் பூச்சு பாதி போயிருந்தாலும் மீதியைச் சுரண்டாதீர்கள். அந்த மீதிதான் சாட்சி.

பற்றவைத்துப் பார்க்க ஆசை. பார்க்கலாமா?

பார்க்காமலிருப்பது நல்லது என்பதே என் கருத்து. பழைய பர்னர்களில் திரியாகவும் அடைப்பாகவும் ஆஸ்பெஸ்டாஸ் பயன்பட்டிருக்கிறது. உலர்ந்த நாரைக் கிளறினால் தூசி நுரையீரலுக்குப் போகும். நரைத்த வெள்ளை நார் தெரிந்தால் பிய்க்காமல், ஊதாமல், பையில் இட்டு மூடிவையுங்கள். அடுத்தது பற்றாசு, அதாவது உலோகத் துண்டுகளை ஒட்டவைத்த பற்று. ஈயப் பற்று 180 டிகிரிக்குச் சற்று மேலே உருகிவிடும். நூறாண்டு கழித்து எந்த இணைப்பு எங்கே விரிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தண்ணீர் ஊற்றி ஓர் இரவு தாளின் மேல் வைத்தால் பெரிய கசிவு தெரியும், அவ்வளவுதான்.

பஞ்சுத் திரி, கசிவற்ற தொட்டி என்று உறுதியாகத் தெரிந்து பற்றவைப்பவர்களுக்கும் ஒன்று: ஸ்பிரிட் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஊற்றும்போது சுடர் பாட்டிலுக்குள் பாய்ந்த விபத்துகள் பள்ளி ஆய்வகங்களில்கூட நடந்திருக்கின்றன. முழுக்க ஆறிய பிறகே ஊற்ற வேண்டும். தமிழ்நாட்டில் மெதிலேட்டட் ஸ்பிரிட்டும் மெத்தனாலும் மதுவிலக்குச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

என்ன விலை போகும்?

தனிப் பர்னருக்குப் பெரிய விலை கிடைப்பதில்லை. மூடி இருந்தால் கொஞ்சம் கூடும். தயாரிப்பாளர் பெயர் இருந்தால் இன்னும் கொஞ்சம். அதற்குரிய கெட்டிலோ சைஃபனோ கூடவே இருந்தால் கதை வேறு. அதனால் பர்னர் கிடைத்த அதே வீட்டில், அதே பெட்டியில், காலில்லாத தாங்கி, சம்பந்தமில்லாத வளையம், யாருக்கும் தெரியாத மூடி என்று ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். பழைய பித்தளை எடைக்குப் போகும் முன்.

அறிந்தவர்களிடம் காட்டிக் கேட்க எப்படிப் படம் எடுக்க வேண்டும்?

நேர்மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியில் ஒன்று, மூடியைக் கழற்றிய நிலையில் ஒன்று. பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். நாணயத்தை வைத்தால் வெளிநாட்டவருக்கு அளவு புரியாது. தொட்டியின் விட்டம், உயரம், திரிக்குழலின் உள்விட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். காந்தம் ஒட்டியதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துலக்குவதற்கு முன்பே படம் எடுங்கள்.